"பின்னாடி மட்டும் பெரிய டயர் போடலாமாண்ணே?"

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தம்பி போனில் பேசினார். நான் எழுதுவதை விடாமல் படிக்கிறவர். கம்ப்யூட்டர் வேலை. ராணுவத்தில் ஓடி ஏலத்துக்கு வந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறாராம். சந்தோஷமாகச் சொல்லிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, முன்னாடி டயர் ரெண்டும் நல்லா இருக்கு. பின்னாடி ரெண்டும் மொட்டை. பின்னாடி மட்டும் ஒரு சைஸ் பெருசா போட்டா கெத்தா இருக்கும்னு கடையில சொல்றாங்க. போடலாமா?"

"போடாதீங்க தம்பி"ன்னேன். "ஏண்ணே, டிராக்டர்ல எல்லாம் பின்னாடி பெருசாத்தானே இருக்கு?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. போனில் பத்து நிமிஷம் சொல்லியும் எனக்குத் திருப்தி இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. பத்தாவது முடிச்சிட்டு மண்வெட்டி பிடிச்சவன். ஆனா இந்தத் தப்பை நானே செய்து, உயிர் போக இருந்ததைப் பார்த்தவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

எங்க தோட்டம் வத்தலக்குண்டுக்கு மேலே, தாண்டிக்குடி மலைப் பக்கம். மூன்றரை ஏக்கர். காப்பி, மலை வாழை, மரத்துல ஏத்திவிட்ட மிளகு. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் ஏத்தம். ஒரு காலத்துல குதிரை மேலேதான் மூட்டை வரும். இப்பவும் ஜீப் ஏறாத இடத்துக்குக் குதிரைதான். எங்க அப்பா ஒரு எஸ்டேட்டில் ஓரமாகக் கிடந்த வில்லிஸ் ஜீப்பை வாங்கிட்டு வந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வண்டி. நான் அப்போ பள்ளிக்கூடத்துப் பையன். அப்புறம் டீசல் இன்ஜின் ஏத்தி, ஆர்.சி. புத்தகத்துலயும் மாத்தி எழுதியாச்சு. ஆனா கியர்பாக்ஸ், ஆக்ஸில், சேஸிஸ் எல்லாம் பழசுதான்.

ஜீப்புன்னு நாம சொல்றோம். அமெரிக்க ராணுவம் காகிதத்துல இதை டிரக்குன்னுதான் எழுதியது. 'கால் டன், நாலுக்கு நாலு டிரக்'. வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் ஒரே வரைபடத்தை வைத்து, 1941-லிருந்து 1945 வரைக்கும் ஆறு லட்சத்துக்கும் மேலே செய்தார்கள். அத்தனை வண்டிக்கும் டயர் ஒரே சைஸ், 6.00-16. முன்னாடி, பின்னாடி, ஸ்டெப்னி, அஞ்சும் அதேதான். டயர்ல இருந்த பட்டன்கூட எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் ஒண்ணுதாங்கிற மாதிரி வார்த்தது. அந்தக் காலத்து முக்கால் டன் டாட்ஜ் டிரக்கை எடுத்துக்கிட்டாலும் முன்னுக்கும் பின்னுக்கும் 9.00-16 தான். சண்டை நடக்கிற இடத்துல எந்தச் சக்கரம் பஞ்சரானாலும் கையில் இருக்கிற டயரை மாட்டிட்டுக் கிளம்பணும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் வண்டிக்கு அடியில் இருக்கு.

சாதாரணக் காரில் இன்ஜின் சக்தி ரெண்டு சக்கரத்துக்குப் போகும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் குறைவா ஓடணும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கு. பழைய ராணுவ ஜீப்பில் முன் ஆக்ஸிலுக்கு ஒரு டிஃபரன்ஷியல், பின் ஆக்ஸிலுக்கு ஒண்ணு. ஆனா முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. ஃபோர் வீல் லீவரைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே தண்டு மாதிரி சேர்ந்துக்கும். பின் ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தினா முன் ஷாஃப்டும் சரியா ஒரு சுத்துதான் சுத்தும். கூடவும் முடியாது, குறையவும் முடியாது. ரெண்டு மாட்டுக்கும் ஒரே நுகத்தடி போட்ட மாதிரி. ஒரு மாடு எட்டடி வைக்க, இன்னொண்ணு ஏழடி வெச்சா என்ன ஆகும்?

இப்ப கணக்குக்கு வாங்க. டயர்ல 6.00-16, 7.00-16ன்னு போட்டிருக்கும். பின்னாடி இருக்கிற 16 உள்ளே இருக்கிற ரிம்மோட அளவு. முன்னாடி இருக்கிறது டயரோட அகலம். அகலம் கூடினா உயரமும் கூடும். கடையில "16 ரிம்தானே? ஏறிக்கும்"ன்னு சொல்லுவாங்க. ஏறிக்கும், உண்மைதான். மாட்ட முடியுதுங்கிறதுக்காக அது சேர்ந்து ஓடும்னு அர்த்தம் இல்லை.

சில வருஷத்துக்கு முன்னாடி நான் அப்படித்தான் மாட்டினேன். வாழைக்கு விலை இல்லாத வருஷம். பின் டயர் ரெண்டும் கம்பி தெரியற நிலைமை. ஒரு மினி லாரியிலிருந்து கழட்டின 7.00-16 டயர் ரெண்டு, பாதி பட்டனோட, பாதி விலைக்குக் கிடைச்சுது. எங்க ஜீப்பைப் பார்க்கிற மேஸ்திரி அண்ணன், "வேணாம்ப்பா, நாலும் ஒண்ணா இருக்கணும்"னார். "அறுவடை முடிஞ்சதும் மாத்திக்கறேண்ணே"ன்னு சொல்லிட்டு மாட்டிட்டேன். அறுவடை முடிஞ்சுது. பொண்ணுக்கு காலேஜ் பீஸ் வந்துச்சு. டயர் அப்படியே நின்னுபோச்சு.

ஆறேழு மாசம் ஒண்ணும் ஆகலை. பார்க்கவும் பின்னாடி தூக்கலா நல்லாத்தான் இருந்துச்சு. நானே நாலு பேர்கிட்ட, "மேஸ்திரி சும்மா பயமுறுத்துறாரு"ன்னு சொல்லியிருக்கேன்.

ஐப்பசி மழை. எங்க வீட்டம்மாவும், வேலைக்கு வந்த மூணு பொம்பளையாளுங்களும், ஒரு சின்னப் பையனும் பின்னாடி வாழைத்தார் மேலே உட்கார்ந்திருக்காங்க. தோட்டத்திலிருந்து ஃபோர் வீல் போட்டு லோ கியரில் இறங்கினேன். இந்த ஜீப்பில் முன் சக்கரத்தைச் சேர்க்காமல் லோ விழாது. தார் ரோட்டுக்கு வந்ததும் நிறுத்தி லோவை எடுத்தேன். வந்துச்சு. முன் சக்கர லீவரை எடுத்தேன். வரலை. ரெண்டு கையாலயும் இழுத்தேன், அசையலை. மழை கொட்டுது, ஆளுங்க நனையறாங்க. கீழே போய்ப் பார்த்துக்கலாம்னு ரெண்டாவது கியரிலேயே இறக்கத்தில் விட்டேன்.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருந்துச்சு. திருப்பினா முன் டயர் வழுக்கிட்டு நேராப் போகப் பார்க்குது. ரெண்டாவது வளைவில் அடியில் வெடி வெச்ச மாதிரி ஒரு சத்தம். பின் ஷாஃப்டோட கிராஸ் உடைஞ்சு ஷாஃப்ட் தொங்கிடுச்சு. அது உடைஞ்சதும் லீவர் தானா இளகிப்போச்சு. அவ்வளவு நேரம் வராத லீவர் இப்ப லேசா வருதுன்னு, பழக்கதோஷத்துல நான் அதை வெளியே எடுத்துட்டேன்.

அதுதான் நான் செஞ்ச பெரிய முட்டாள்தனம். வில்லிஸ் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குப் பின்னாடி, ஷாஃப்ட் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கு. பின் ஷாஃப்ட் உடைஞ்சாச்சு. முன் ஷாஃப்டை நானே கழட்டி விட்டாச்சு. கியரும் சக்கரத்தைப் பிடிக்காது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. முழு லோடோட இறக்கத்தில் ஓடுற வண்டிக்கு மிச்சம் இருந்தது ஒரு கால் பிரேக். மழைத்தண்ணி புகுந்த பழைய ட்ரம் பிரேக். மிதிச்சேன், பாதிதான் பிடிச்சுது. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மலையோரம் தண்ணி ஓடுற ஓடை. ஜீப்பை ஓடைக்குள்ளே இறக்கி மண்மேட்டில் மோதி நிறுத்தினேன். அந்தச் சின்னப் பையன் குதிச்சு ஓடிவந்து சக்கரத்துக்குக் கல்லு வெச்சான்.

ஒரு அம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கிப்போச்சு. மத்தவங்களுக்குச் சிராய்ப்பு. எங்க வீட்டம்மா என்கிட்ட ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் ஒண்ணுதான் கேட்டா: "அந்த மேஸ்திரி அண்ணன் அப்பவே சொன்னாராமே?"

அதுக்கப்புறம் வண்டியை எடுத்து நிறுத்தி, நானே அளந்து பார்த்தேன். டயர்ல சாக்பீஸால ஒரு கோடு, தரையில ஒரு கோடு. வண்டியைத் தள்ளி ஒரு முழுச் சுத்து சுத்தவிட்டு, டேப் வெச்சு அளந்தேன். முன் டயர் ஒரு சுத்துக்கு 7 அடி 3 அங்குலம் போச்சு. பின் டயர் 7 அடி 9 அங்குலம். அரை அடிதானேன்னு தோணும். ஒரு கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்க. பின் டயர் சுமார் 423 சுத்து, முன் டயர் சுமார் 452 சுத்து சுத்தியாகணும். 29 சுத்து வித்தியாசம். ஆனா லீவர் போட்டிருந்தா ரெண்டும் ஒரே எண்ணிக்கைதான் சுத்த முடியும். அப்ப ஏதோ ஒரு டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அறுபது மீட்டருக்கு மேலே தரையில் தேய்ஞ்சு வழுக்கணும். சேறா இருந்தா வழுக்கும். தார் ரோட்டுல லேசுல வழுக்காது. அந்த முறுக்கு முழுக்க ஷாஃப்டுலயும் கிராஸுலயும் பல்லுலயும் ஏறி நிக்கும். லீவர் வராததுக்குக் காரணம் அதுதான். அவ்வளவு இறுக்கத்துல பல்லு விலகாது.

வளைவில் இது இன்னும் மோசம். எந்த வண்டியும் திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடப் பெரிய வட்டம் போடும். முன்னாடி இருக்கிறது சின்ன டயரும்னா இன்னும் அதிகமா சுத்தணும். ரெண்டும் ஒரே பக்கமா சேர்ந்துக்குது. பின் சக்கரம் தள்ளும், முன் சக்கரம் பிரேக் பிடிச்ச மாதிரி இழுக்கும். அதனாலதான் ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேராப் போகப் பார்த்துச்சு. ஆக, பார்க்க கெத்தா இருக்கிற 'முன்னாடி சின்னது, பின்னாடி பெருசு'தான் மலை ரோட்டு வளைவுக்கு ரொம்பக் கெட்ட சேர்க்கை.

அப்ப டிராக்டர்? ஃபோர் வீல் டிராக்டரில் முன் டயர் சின்னதுதான். ஆனா அதுக்கு ஏத்த மாதிரி முன் ஆக்ஸிலின் பல் கணக்கை கம்பெனியிலேயே வேறயா வெச்சிருக்காங்க. சின்ன டயர் வேகமா சுத்தி, பெரிய டயரோட சமமா, இன்னும் சொன்னா நூத்துக்கு ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும் முந்தி ஓடும். முன்னாடி இருந்து இழுக்கணும்கிறதுக்காக அப்படி. அதிலும் இஷ்டத்துக்கு சைஸ் மாத்தினா இதே கதைதான். ரோட்டுக்கு வந்தா முன் சக்கரத்தை விலக்கிடுன்னுதான் டிராக்டர்காரங்களும் சொல்லுவாங்க. வில்லிஸில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பல் கணக்கு ஒண்ணே. அதனால டயரும் ஒண்ணாத்தான் இருந்தாகணும்.

"எங்க ஊர்ல எல்லா ஜீப்பும் இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலை"ன்னு சொல்றவங்க நிறைய. நானும் சொன்னவன்தானே. இது எப்படி இத்தனை நாள் தாங்குச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். அப்பா காலத்தில் தோட்டத்துப் பாதை முழுக்க மண். ஃபோர் வீல் போட்டு ஓட்டுற இடமெல்லாம் மண்ணுதான். எந்த டயரும் கொஞ்சம் வழுக்கி முறுக்கை விட்டுடும். மண் நம்ம தப்பையெல்லாம் பொறுத்துக்கிச்சு. இப்ப அந்தச் செங்குத்துப் பாதையில் சிமெண்ட் ரோடு போட்டுட்டாங்க. நல்ல விஷயம்தான், அவசரத்துக்கு ஆளை ஆஸ்பத்திரிக்கு இறக்க முடியுது. ஆனா ஏத்தம் குறையலையே. அதனால லோ போடாம ஏற முடியாது. லோ போட்டா முன் சக்கரம் சேர்ந்தாகணும். கெட்டித் தரையில, லோடோட, ஒட்டாத டயர்கள். எங்க பக்கம் சமீப வருஷங்கள்ல ஷாஃப்டும் கிராஸும் அடிக்கடி உடையறதை நான் பார்க்கிறேன். பழைய இரும்பு சரியில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. இரும்பு அதேதான், ரோடுதான் மாறிப்போச்சுங்கறது என் எண்ணம்.

எழுதறதுக்கு முக்கியக் காரணம் இது. ஊரில் நாங்க டயரைக் கலந்து போடறது காசில்லாமல். பட்டணத்தில் போடறது அழகுக்கு. முறுக்கு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் ஏறும். உடையறப்போ முன்னாடி உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிச்சவனுக்காவது கையில் ஒரு பிடி இருக்கு. பின்னாடி சரக்கு மேலே உட்கார்ந்து வர்ற கூலியாளுக்கு எதுவும் இல்லை. தோள்பட்டை இறங்கின அந்த அம்மா ரெண்டு மாசம் வேலைக்குப் போகலை. வைத்தியச் செலவும், ரெண்டு மாசத்துக் கூலியில் ஒரு பாதியும் கொடுத்தேன். முழுசாக் கொடுக்க முடியலை. டயரில் நான் மிச்சம் பிடிச்ச காசைப்போல பல மடங்கு போச்சு. அந்தக் கணக்குகூடப் பரவாயில்லை. அவங்க கை இன்னும் முழுசாத் தூக்க வரலை. சரக்கு வண்டியில ஆளை ஏத்தினதே தப்பு. அதுல இந்த டயரையும் போட்டு ஏத்தினேன்.

அதனால, பழைய ஃபோர் வீல் வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு, அது வில்லிஸோ, ஜபல்பூரில் செஞ்ச ஜோங்காவோ, நான் சொல்றது இதுதான்.

நாலு டயரை நாலு பொருளா எண்ணாதீங்க. ஒரே பொருளா எண்ணுங்க. வாங்கினா நாலையும் ஒரே சைஸ், ஒரே மாதிரியா வாங்குங்க. ஸ்டெப்னியும் அதே சைஸ். அஞ்சையும் மாத்தி மாத்திப் போட்டு ஒண்ணா தேய விடுங்க. எழுதியிருக்கிற நம்பரை மட்டும் நம்பாதீங்க, சாக்பீஸ் போட்டு அளங்க. ஒரே 6.00-16-ல புதுசையும் மொட்டையையும் அளந்து பார்த்தேன். ஒரு சுத்துக்கு ரெண்டரை அங்குலம் கிட்ட வித்தியாசம் வந்துச்சு. காத்து குறைஞ்சாலும் அளவு குறையும். டிராக்டர் முன் டயரும் 6.00-16-ல வருதுன்னு அதை ஜீப்புக்கு மாட்டுறாங்க. வயலுக்குச் செஞ்ச டயர் அது, ரோட்டு வேகத்துக்கு ஆகாது.

ஒரு அச்சுல இடம் ஒண்ணு, வலம் ஒண்ணுன்னு சைஸ் மாறினா, நேர் ரோட்டுலயும் டிஃபரன்ஷியல் பல்லு ஓயாம உழைச்சுத் தேயும். வழியில் பஞ்சராகி வேற சைஸ் ஸ்டெப்னிதான் இருக்குன்னா, அதை முன்னாடி மாட்டி, நல்ல டயர் ரெண்டையும் பின்னாடி வெச்சு, ஃபோர் வீல் போடாமல் மெதுவா வீடு வந்து சேருங்க.

லீவர் வரலைன்னா இழுத்து மல்லுக்கட்டாதீங்க, அப்படியே இறக்கத்திலும் விடாதீங்க. சமதளத்தில் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்க. அதுக்கும் வரலைன்னா மத்த சக்கரங்களுக்குக் கட்டை வெச்சு, ஒரு சக்கரத்துக்கு ஜாக்கி போட்டுத் தூக்குங்க. டக்குனு சுத்தி முறுக்கை விடும், கையைத் தள்ளி வெச்சுக்கோங்க. மறந்தும் நான் செஞ்சதைச் செய்யாதீங்க. இறக்கத்தில் ஷாஃப்ட் உடைஞ்சா லீவரில் கை வைக்கக் கூடாது. உடையாத ஷாஃப்ட்தான் அப்போ ஹேண்ட் பிரேக்குக்கும் கியருக்கும் மிச்சம் இருக்கிற ஒரே பிடி.

"காசு?"ன்னு எங்க ஆளுங்க கேட்பாங்க. நாலு டயர் ஒண்ணா வாங்கறது எங்களுக்குக் கஷ்டம்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்டயும் ஒரு பழைய ஜீப். அதுலயும் என்னை மாதிரியே கலவை. ரெண்டு பேரும் உட்கார்ந்து எங்ககிட்ட இருந்த டயரையெல்லாம் அளந்தோம். ஒத்துப்போற நாலை அவருக்குப் போட்டோம். நான் மூணு மாசம் வாடகைக் குதிரையில் மூட்டை இறக்கி, மிளகு வித்ததும் புதுசா நாலு வாங்கினேன். அடுத்த தடவை அவர் வாங்குவார். பழசில் ஒத்துப்போறது ஸ்டெப்னியாகும்.

சென்னைத் தம்பிக்கு: முன்னாடி இருக்கிற ரெண்டு டயரையும் அளந்து எனக்குச் சொல்லுங்க. அதே அளவில் ரெண்டு கிடைச்சா வாங்குங்க. கிடைக்கலைன்னா அந்த ரெண்டையும் வித்துட்டு நாலா வாங்குங்க. அதுவரைக்கும் தார் ரோட்டுல ஃபோர் வீல் லீவரைத் தொடாதீங்க. நாலும் மாட்டினதும் தாண்டிக்குடிப் பக்கம் வாங்க, எங்க தோட்டத்துக் காப்பி குடிச்சிட்டுப் போகலாம். வரும்போது குடும்பத்தைக் கூட்டிட்டு வருவீங்க இல்லையா, அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.